ஆர் சொன்னது? கிறீஸ் பூதம், அம்பாறைக் கறி, எங்கள் குடும்ப வட்சப்

வாசகர் ஒருவர், 2024 ஜூலை 6

பேஸ்புக்கும் வட்சப்பும் வந்துதான் எங்கட ஆக்களைக் கெடுத்தது. அதுக்கு முதல் பேப்பர் பார்த்தாங்க, ரேடியோ கேட்டாங்க, நிதானமா யோசிச்சாங்க. இப்ப ஆர் எதை அனுப்பினாலும் நம்புறாங்க. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருக்கிற ஆக்கள் சொல்லுங்க, நான் சொல்றது பிழையா?

2024 ஜூலை 6, இரவு

பாதி பிழை. 2011 ஆகஸ்டை மறந்துவிட்டீர்களா? கிறீஸ் பூதம்: உடம்பில் கிறீஸ் பூசிய ஆள் ஒருவன் சாமத்தில் வந்து பொம்பிளைகளைத் தாக்குகிறான் என்ற கதை. அப்போது எங்கள் ஊரில் வட்சப் என்ற பேரே இல்லை. பொத்துவில், ஓட்டமாவடி, காத்தான்குடி என்று சில நாளைக்குள் கதை ஊர் ஊராகத் தாவியது. ஆக்கள் பொல்லோடு ரோட்டில் இறங்கி, பொலிசோடும் படையோடும் முட்டுப்பட்டார்கள். எல்லாம் வாய்க்கதை. பேப்பர் பிறகுதான் எழுதியது.

நான் குடும்பநல உத்தியோகத்தர், ஊருக்கு மிட்வைஃப் மிஸ். 28 வருசம் வீடு வீடாகத் திரிந்தவள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் தொடங்கி, கிழக்கே எழுவான்கரைக்கு மாறி, இப்போது கல்முனைக்குக் கிட்ட. கதை எப்படி நடக்கிறது என்பதைக் கடப்படியில் நின்று பார்த்திருக்கிறேன்.

2024 ஜூலை 7, காலை

விளக்கமாக எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அந்த ஆகஸ்டில் ஒரு இரவைச் சொல்கிறேன்.

பதினொன்றரை மணி இருக்கும். என் பதிவில் இருந்த தலைப்பிள்ளைத்தாய்ச்சி ஒருத்திக்குப் பன்னீர்க்குடம் உடைந்துவிட்டது. புருசன் போன் எடுக்கிறான். "மிஸ், ஓட்டோக்காரன் வரமாட்டானாம். இவளைத் தனிய விட்டுப்போட்டு நானும் வெளிய இறங்க ஏலா. பின் வளவுக்குள்ள என்னமோ சரசரக்குது." 1990 என்ற நம்பருக்கு எடுத்தால் வருகிற அம்புலன்ஸ் எல்லாம் அப்போது ஏது? நான் ஓட்டோக்காரனுக்கு எடுத்தேன். அவன் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது. "மிஸ், எனக்குப் பூதத்துக்குப் பயமில்ல. ரோட்டில நிக்கிற பொடியனுகளுக்குத்தான் பயம். ஆள் தெரியாட்டி அடிச்சிருவானுகள்."

ஊருக்குள் வரும் மூன்று பாதையிலும் குற்றி போட்டு மறித்திருந்தார்கள். நான் கோயில் நிருவாகம் பார்க்கிற வண்ணக்கருக்கு எடுத்தேன். அவர் இளைப்பாறிய வாத்தியார், அந்தப் பொடியன்களில் அரைவாசிப் பேருக்கு எழுத்துப் படிப்பித்தவர். மறிப்புக்கு ஒருவன் என்று மூன்று பேருக்குப் பேசினார். "பிள்ளைத்தாய்ச்சி வாறா. ஓட்டோவுக்குள்ள லைட் எரியும். மறிக்காதீங்கடா." அவ்வளவுதான். முதல் மறிப்பில் நாங்கள் போகும்போதே குற்றி ஓரத்தில் கிடந்தது. கடைசி மறிப்பில் ஒரு பொடியன் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு மெயின்ரோட்டு மட்டும் எங்களுக்கு முன்னால் ஓடினான். அவன் கையில் அப்போதும் பொல்லு இருந்தது. விடியச்சாமம் ஐந்து மணிக்குப் பொம்பிளைப் பிள்ளை.

பூதம் வருகுது என்பதை அந்தப் பொடியன்கள் அன்றைக்கும் நம்பினார்கள், அடுத்த நாளும் நம்பினார்கள். வண்ணக்கர் அதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. ஆனாலும் குற்றி விலகியது. நம்பிக்கை ஒரு பக்கம், செய்கை ஒரு பக்கம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

2024 ஜூலை 7, பின்னேரம்

முதல் குறிப்பில் "எல்லாம் வாய்க்கதை" என்று எழுதியது சரியில்லை. மகள் வாசித்துவிட்டுத் திருத்தினாள். போன் இருந்தது, எஸ்.எம்.எஸ் பறந்தது. "இன்றைக்கு எங்கட ஊர்ப் பக்கம் வந்திட்டான்" என்று வரும், அனுப்பியது மச்சாளாகவோ ராத்தாவாகவோ இருக்கும். அது நோன்பு காலமும்கூட. முஸ்லிம் ஊர்களில் ஆக்கள் தறாவீஹ் தொழுகை, சஹர் சாப்பாடு என்று சாமத்திலும் விழித்திருந்தார்கள். கதை உறங்க நேரமே இல்லை.

2024 ஜூலை 9

"படிக்காத சனம் நம்பியது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஏற்கமாட்டேன். வாத்தியார்மார் வீட்டிலும் அந்த மாதம் ஆறு மணிக்குக் கதவு பூட்டினார்கள்.

என் மகள் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் படித்தவள். அவள் சொல்லித்தான் எனக்கு ஓல்போர்ட், போஸ்ட்மன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளரைத் தெரியும். இரண்டாம் உலகப்போர்க் காலத்து வதந்திகளை ஆராய்ந்து 1947இல் எழுதினார்கள். வதந்தி ஓட இரண்டும் சேர வேண்டும் என்றார்கள்: விசயம் கேட்கிறவருக்கு முக்கியமாக இருக்க வேண்டும், தெளிவும் இல்லாமல் இருக்க வேண்டும். ஒன்று இல்லையென்றால் கதை படுத்துவிடும். 2011ஐ நினைத்துப் பாருங்கள். போர் முடிந்து இரண்டு வருசம். சாமத்தில் வளவுக்குள் காலடிச் சத்தம் கேட்டால் என்ன அர்த்தம் என்று முப்பது வருசமாகப் பழகிய சனம். ஆண் துணை இல்லாத வீடு எத்தனை! பொலிஸ் விசாரித்துச் சொல்வதை நம்ப ஒருவருக்கும் மனம் இல்லை. தெளிவு எங்கிருந்து வரும்? அந்தப் பயத்தைப் பார்த்து நான் ஒருநாளும் சிரித்ததில்லை.

எங்கள் அப்பாவின் ரேடியோவையும் சொல்ல வேண்டும், "ரேடியோ கேட்டு நிதானமா யோசிச்சாங்க" என்று இந்த இழை தொடங்கியபடியால். தொண்ணூறுகளில் படுவான்கரையில் கரண்ட் இல்லை. டோர்ச் பற்றரி நாலையும் பகலில் ஓட்டின் மேல் வெயிலில் காயவைப்பார். இரவு ஒன்பதே காலுக்கு பிபிசி தமிழோசை. அக்கம்பக்கத்து ஆம்பிளைகள் திண்ணையில் வந்து குந்துவார்கள். அரை மணித்தியாலம் மூச்சுவிடும் சத்தம் கேட்காது. முடிந்ததும் பற்றரியை வீணாக்காமல் ரேடியோவை நிறுத்திவிட்டு எல்லாரும் பார்ப்பது அப்பாவின் முகத்தை அல்ல, பக்கத்து வீட்டு தபாற்கந்தோர் மாமாவின் முகத்தை. அவர்தான் "அப்ப நாளைக்கு ரவுணுக்குப் போக வேணாம்" என்பார். லண்டன் சொன்னது ஒரு செய்தி. ரவுணுக்குப் போகாமல் விட்டது மாமா சொல்லி. 2017 ஏப்ரல் 30ஆம் திகதி தமிழோசை வானொலி நின்றபோது அப்பா உயிரோடு இல்லை, மாமா இருந்தார். அன்று இரவு எனக்குப் போன் எடுத்துச் சும்மா கதைத்தார்.

2024 ஜூலை 9, கொஞ்சம் பிந்தி

சுனாமி பற்றி ஒருவர் கேட்டதற்கு. 2004இல் எச்சரிக்கை என்று ஒன்றுமே வரவில்லை, அதில் பேச என்ன இருக்கிறது. 2012 ஏப்ரல் 11 வேறு கதை. சுமாத்ராவுக்கு அங்கால் 8.6 அளவில் நில நடுக்கம், பின்னேரம் ரீவியில் எழுத்து ஓடுகிறது, கரையை விட்டு விலகச் சொல்கிறார்கள். சித்திரை வருசத்துக்கு இரண்டு நாள் இருக்கிறது, என் மாமியார் பலகாரம் சுடுகிறார். நான் ரீவியைக் காட்டினேன். "ஆர் சொன்னது?" என்றார். அரசாங்கம் சொல்லுது மாமி என்றேன். அடுப்பை விட்டு அசையவில்லை. கரைவலைக்குப் போகிற எங்கள் ஒழுங்கை மனிசன் சைக்கிளில் ரோட்டால் போகிறபோது "மாமி, இறங்குங்க, வள்ளத்தை எல்லாம் மேல இழுத்திட்டம்" என்று கத்தினான். தாச்சியை இறக்கிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். கடல் அன்றைக்கு வரவில்லை.

ஆர் சொன்னது என்ற கேள்வியை மாமியார் எதற்கும் கேட்பார்.

2024 ஜூலை 12

செய்தி தெரிவது வேறு, ஆள் சொல்லிச் செய்வது வேறு என்பதற்கு நெல்லையும் சொல்கிறேன். தம்பி வயல்காரன், படுவான்கரையில் ஆறு ஏக்கர். பத்தலகொடையில் உருவான பிஜி 94-1 நெல்லினத்தை வருசக்கணக்காக விதைத்தான். அம்பலாந்தோட்டை ஏடி 362 பற்றி விவசாயப் போதனாசிரியர் கூட்டத்தில் சொன்னார், துண்டுப்பிரசுரம் வீட்டில் கிடந்தது, ரேடியோவிலும் போனது. எல்லாம் தெரியும். விதைக்கவில்லை. பக்கத்து வயல்காரன் ஒரு போகம் போட்டு, அறுத்து, மூட்டையை எண்ணிய பிறகு, மறுகா வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டை விதானையும் நல்லது என்று சொன்ன பிறகுதான் விதைநெல் வாங்கினான்.

இது எங்கள் ஆக்களின் பிடிவாதம் என்றுதான் நினைத்திருந்தேன். அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்துச் சோளக்காரரும் இதையேதான் செய்திருக்கிறார்கள். ரயன், குரோஸ் என்ற இரண்டு சமூகவியலாளர் இரண்டு ஊரில் 259 விவசாயிகளிடம் கேட்டு 1943இல் எழுதினார்கள். கலப்பினச் சோளம் என்று ஒன்று இருப்பதை முதலில் சொன்னது பெரும்பாலும் விதைக் கம்பனி ஆள். விதைக்க வைத்தது அயலவன். அதிலும் முதல் வருசம் பெரும்பாலான ஆக்கள் முழு நிலத்திலும் போடவில்லை, ஒரு மூலையில் போட்டுப் பார்த்தார்கள். தம்பியும் அரை ஏக்கரில்தான் தொடங்கினான்.

அந்த பிரைஸ் ரயன்தான் பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக வந்து இருந்தவர். இதை மகள் சொன்னபோது எனக்கு ஏனோ நல்ல சந்தோசம், எங்கள் நாட்டுக் கிராமங்களைப் பார்த்த மனிசன்தானே என்று.

2024 ஜூலை 13

"அப்ப பெரிய வயல்காரப் போடியார், கோயில் வண்ணக்கர், பள்ளிவாசல் மரைக்காரைப் பிடிச்சா ஊரையே மாத்தலாம் எண்டு சொல்றீங்களா மிஸ்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

இல்லை. நான் எழுதியதில் அப்படித் தொனித்திருக்கிறது, என் பிழைதான். திரும்ப யோசித்தேன். வண்ணக்கர் சொல்லி ரோட்டுக் குற்றி விலகும். வண்ணக்கர் சொல்லி ஒரு தாய் பிள்ளைக்கு ஆறு மாதம் வெறும் தாய்ப்பால் கொடுக்கமாட்டாள். அங்கே மாமியார். "பச்சத்தண்ணி ஒரு சொட்டு வைக்காட்டி நாக்கு வறளும்" என்று மாமியார் சொன்னால் என் போஸ்டர், என் கிளினிக் வகுப்பு, ரீவி விளம்பரம் எல்லாம் சுவரோடு. தடுப்பூசி விசயத்தில் மாமியாருக்கும் மதிப்பில்லை. நாலு பிள்ளை பெற்று நாலுக்கும் ஊசி போட்ட பக்கத்து வீட்டு அக்காதான் அதில் எல்லாம்.

லாசர்ஸ்பெல்ட் என்ற சமூகவியலாளர் 1940 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் ஒகாயோவில் ஒரு மாவட்டத்து வாக்காளரை மே மாதம் தொடக்கம் நவம்பர் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். ரேடியோவும் பேப்பரும் மனதை மாற்றியிருக்கும் என்றுதான் போனார். ஆக்கள் ஆக்களைத்தான் சொன்னார்கள். ஊடகத்தை அதிகம் பார்க்கிற சிலர் வழியாக மற்ற ஆக்களுக்குப் போகிறது, இரண்டு படி. அவரும் எலிஹு காட்ஸ் என்பவரும் 1955இல் வெளியிட்ட அடுத்த ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது, ஏனென்றால் கேட்டது முழுக்கப் பொம்பிளைகளிடம், டெகேட்டர் என்ற நகரத்தில் சுமார் 800 பேர். சாமான் வாங்க ஒருத்தியைக் கேட்பார்கள், உடுப்புக்கு இன்னொருத்தி, படத்துக்கு வேறொருத்தி. அவர்கள் பெரிய இடத்து ஆக்களும் இல்லை, கிணற்றடியில் பக்கத்தில் நின்று வாளி இறைக்கிற ஆக்கள்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருசம் தாய்மாரோடு மட்டும் கதைத்தேன். மாமியார்மாரைக் கண்டால் ஒதுங்கினேன். அந்த இரண்டு வருசம் எத்தனை பிள்ளைகளுக்குத் தண்ணி வைத்திருப்பார்கள்! பிறகு முதலில் மாமியாரிடம் வெத்திலை வாங்கிப் போட்டுவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குவேன்.

2024 ஜூலை 18

இதை எழுதுவதா வேண்டாமா என்று ஐந்து நாளாக யோசித்தேன்.

2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறை நகரத்தில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் கட்டியாக ஏதோ கிடந்தது என்று தகராறு. மலட்டு மாத்திரை போட்டாயா என்று சிங்களத்தில் கேட்கிறார்கள், காசு வாங்குகிற தம்பிக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது, சூழ நின்ற கூட்டத்துக்குப் பயந்து ஓம் என்கிற மாதிரிச் சொல்கிறான். அதை வீடியோ எடுத்துப் போட்டார்கள். அன்று இரவே கடை, பள்ளிவாசல், வாகனங்கள் உடைந்தன. அடுத்த கிழமை கண்டிப் பக்கம் திகனயில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம். அவசரகாலச் சட்டம், பேஸ்புக், வட்சப் முடக்கம். கறிக்குள் கிடந்தது மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வில் வந்தது. பேஸ்புக் நிறுவனம் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்.

ஒருமுறை தின்றால் மலடாக்குகிற மாத்திரை உலகத்தில் இல்லை. இது எனக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும், குடும்பக் கட்டுப்பாடு என் தொழில். அந்தக் கிழமை கிளினிக்கில் எத்தனை பேருக்குச் சொன்னேன். ஒரு தாய் கேட்டாள், "மிஸ், சோத்துக்குள்ள போடுற ஆக்கள் ஊசிக்குள்ள போடமாட்டாங்களா?" தரம் 6 பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான எச்.பி.வி ஊசி 2017இல்தான் தொடங்கியிருந்தது, அவளுடைய மகளுக்கு இரண்டாவது ஊசி கிடந்தது. அவளோடு முக்கால் மணித்தியாலம் இருந்து கதைத்துச் சம்மதிக்க வைத்தேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழியில் நான் வழக்கமாக நிற்கிற கடை. முஸ்லிம் நானா ஒருவரின் சின்னத் தேத்தண்ணிக் கடை, எட்டு வருசப் பழக்கம். என் ஸ்கூட்டரைக் கண்டாலே சீனி போடாத பிளேன்டியும் ஒரு பராட்டாவும் மேசைக்கு வந்துவிடும். அன்றைக்கு நான் நிறுத்தவில்லை. நேரமாகிவிட்டது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அடுத்த நாளும் நேரமாகிவிட்டது. பத்து நாள் அந்தக் கடையைத் தாண்டிப் போனேன். மூன்றாம் நாள் நானா வாசலில் நின்றார், வலது கையைப் பாதி தூக்கினார், நான் வேகத்தைக் குறைக்காததைக் கண்டு அந்தக் கையால் தலையைத் தடவிக்கொண்டார். அதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

வீடியோ என்னை ஏமாற்றவில்லை. ஒருவரும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கிளினிக்கில் வந்த தாய்மாரின் முகத்தை ஐந்து நாள் பார்த்திருந்தேன், அந்தப் பயம் என் வயிற்றில் இருந்தது. தெரிந்ததை மூளை சொன்னது, ஸ்கூட்டரை ஓட்டியது வயிறு.

2024 ஜூலை 19

"நீங்களுமா மிஸ்?"

ஓம், நானும்.

டேவிசன் என்ற ஆய்வாளர் 1983இல் எழுதினார்: ஊடகம் மற்ற ஆக்களைத்தான் மாற்றும், என்னை மாற்றாது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். இந்த இழையின் முதல் கேள்வியைத் திரும்பப் பாருங்கள், "எங்கட ஆக்களைக் கெடுத்தது" என்றுதான் இருக்கிறது. கேட்டவரைக் குறை சொல்ல எழுதவில்லை. நானும் இதே வசனத்தை ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறேன்.

2024 ஜூலை 20

நானாவிடம் பிறகு கதைத்தீர்களா என்று மூன்று பேர். கதைத்தேன், ஆனால் அதைப் பற்றி இல்லை. பதினோராம் நாள் போய் இருந்தேன். பிளேன்டி வந்தது, பராட்டா வந்தது. "கொஞ்ச நாளாக் காணல்ல மிஸ், சுகமில்லையா?" என்றார். காய்ச்சல் என்றேன். அந்தப் பொய்யோடு அவர் 2021 வரைக்கும் எனக்குத் தேத்தண்ணி தந்தார். கொரோனாவில் மௌத்தாகி, ஓட்டமாவடியில்தான் அடக்கினார்கள். ஊரில் அடக்க விடாத காலம் அது. அவருடைய மகன் இப்போது கடையில். அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2024 ஜூலை 28

ஜனாதிபதித் தேர்தல் திகதி அறிவித்துவிட்டார்கள், செப்ரெம்பர் 21. இனிப் போனைத் திறக்க முடியாது.

"ஆர் சொன்னது என்று பார்த்தால் போதும்தானே, ஒழுங்கான ஆள் சொன்னால் நம்பலாம்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அங்கே ஒரு கண்ணி இருக்கிறது தம்பி. யேல் பல்கலைக்கழகத்தில் ஹொவ்லண்ட், வைஸ் என்ற இருவர் 1951இல் செய்த பரிசோதனை. ஒரே கட்டுரையை நம்பத்தக்க ஆள் எழுதியதாகச் சிலருக்கும், நம்பத்தகாத இடத்திலிருந்து வந்ததாகச் சிலருக்கும் கொடுத்தார்கள். வாசித்த உடனே நல்ல ஆளின் கட்டுரைக்குத்தான் மதிப்பு. நாலு கிழமை கழித்துக் கேட்டால் வித்தியாசம் போய்விட்டது. நம்பாத ஆள் சொன்னதும் மெல்ல மெல்ல உள்ளே இறங்கியிருந்தது. ஆர் சொன்னது என்பது தேய்ந்து போகிறது, சொன்னது மட்டும் தங்குகிறது. அதனால்தான் "எங்கயோ வாசிச்சன்" என்று தொடங்குகிற கதைக்கு நான் இப்போதெல்லாம் பயப்படுகிறேன், என் வாயால் வந்தாலும்.

2024 ஓகஸ்ட் 17

கடைசியாகக் கேட்டிருந்தது, குடும்பக் குறூப்பில் பிழையான செய்தி போடுகிற பெரிய ஆக்களை என்ன செய்வது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

சின்ன மாமி, 71 வயது. எங்கள் குறூப்பில் 43 பேர், கனடா, லண்டன், கல்லடி, காரைதீவு. போன வருசம் டெங்குக்குப் பப்பாளி இலைச்சாறு குடித்தால் ஆசுபத்திரிக்குப் போகத் தேவையில்லை என்று குரல்பதிவு ஒன்று போட்டார். நான் எல்லாருக்கும் முன்னால் "இது பிழை" என்று எழுதி விளக்கமும் போட்டேன். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும், மூன்றாம் நாள் கட்டாயம் இரத்தம் சோதிக்க வேண்டும், இபுபுரூபன் தொடக்கூடாது. ஒரு சொல்லும் பிழையில்லை. 42 பேரும் பேசாமல் இருந்தார்கள். மாமி குறூப்பை விட்டுப் போனார். இரண்டு மாதம் என்னோடு கதையில்லை. மச்சாள் சொன்னாள், அந்தக் குரல்பதிவை அதற்குப் பிறகு தனித்தனியாக ஆக்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாராம்.

ஆடிப்பூரத்தன்று கோயிலில் கண்டேன். பக்கத்தில் இருந்து, கால்வீக்கம் எப்படி என்று கேட்டேன், மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்டேன். பப்பாளியைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. எழும்பும்போது அவராகத்தான் சொன்னார்: "அத்தனை பேருக்கு முன்னால நீ அப்பிடி எழுதியிருக்கக் கூடா புள்ள." ஓம் மாமி என்றேன். அது நியாயம்தான். மகளிடம் சொல்லி அவரைத் திரும்பச் சேர்த்தோம்.

இப்போது எதையும் முதலில் எனக்குத் தனியாக அனுப்புகிறார், "இது சரியாகா?" என்று கேட்டு. நேற்று மட்டும் நாலு. மூன்றுக்கு உடனே பதில் சொல்லிவிட்டேன். நாலாவது பிரசருக்குப் போடுகிற ஒரு குளிசையைக் கம்பனி திரும்ப எடுக்குதாம் என்று. பேரை எழுதி வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை டொக்டர் ஐயாவிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் ஒருவருக்கும் அனுப்பாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். காலையில் போன் எடுத்துச் சொன்னார்.